எப்ப மட்டும் தாங்கும்?

மாமியின் கொமினிகேசனில், அதாவது காசு கொடுத்துப் போன் கதைக்கிற கடையில், வரிசை என்ற ஒன்றே கிடையாது. முதலில் வந்தவர் முதலில் கதைக்கலாம் என்று நம்பி வருகிறவர்கள் முதல் நாள் சண்டை பிடிப்பார்கள். அடுத்த முறை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருப்பார்கள். அதற்கடுத்த முறை, மாமி கேட்கப்போகிற கேள்விக்கு வீட்டிலிருந்தே பதில் யோசித்துக்கொண்டு வருவார்கள். நானும் இந்த மூன்று வகுப்பும் படித்துத் தேறியவள்தான்.

கேள்வி ஒன்றே ஒன்று.

"எப்ப மட்டும் தாங்கும்?"

நீங்கள் சொல்லப்போகிற செய்தி எந்த நேரம் வரைக்கும் பழுதாகாமல் இருக்கும் என்று கேட்கிறார். யாருடைய செய்தி முதலில் பழுதாகுமோ அவருக்கு முதலில் போன். வெயிலில் இரண்டு மணித்தியாலம் காய்ந்தவர் காய வேண்டியதுதான்.

செங்கலடிச் சந்தியில், பதுளை வீதி தொடங்குகிற இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, ஒரு சின்ன அறை. ஒரு பக்கம் பலகை அடித்த கூடு, அதற்குள் போன். மற்றப் பக்கம் மாமியின் தையல் மெசின். நடுவில் ஆட்கள் குந்தியிருக்க இரண்டு வாங்கு. சண்டை மறுபடி மூண்ட காலம் அது. கம்பி போன்கள் செத்துப்போயிருந்தன. கைப்போன் சிக்னலை நினைத்த நேரம் வெட்டிவிடுவார்கள். மாமியிடம் இருந்தது கம்பியில்லாத மேசைப் போன். முதுகில் ஒரு சின்ன அன்ரனா நீட்டிக்கொண்டிருக்கும். அது மட்டும் எப்படியோ உயிரோடு கிடந்தது. வாவிக்கு அப்பால் படுவான்கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த சனம் பள்ளிக்கூடமெல்லாம் நிறைந்திருந்தது. அவர்களுக்கும், சந்தியிலிருந்த எங்களுக்கும், ஏறாவூரிலிருந்து வருகிற சிலருக்கும் அந்த ஒரு போன்தான். நான் அப்போது வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். வளாகம் திறந்திருந்த நாளை விடப் பூட்டியிருந்த நாள் அதிகம். ஆகவே மாமியின் வாங்கில் இருக்க எனக்கு நிறைய நேரம் இருந்தது.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. எல்லாருக்கும் மாமி. கட்டையான உருவம், எப்போதும் கழுத்தில் தொங்கும் அளவுநாடா, கையில் துணிக்குக் கோடு போடுகிற மரக்கோல். தைத்ததை விட அந்தக் கோலால் கூட்டின் பலகையில் தட்டியதுதான் கூட. நீட்டிக் கதைக்கிறவர்களுக்கு இரண்டு தட்டு. "மிச்சம் மறுகா," என்பார். மறுகா என்றால் பிறகு. வெளியே வந்து மறுபடி வாங்கில் குந்த வேண்டும். மற்றவர்களின் அவசரம் தீர்ந்த பிறகு மிச்சத்தைக் கதைக்கலாம். ஒரு குடும்பச் சண்டையை ஒருவர் இப்படி மூன்று தவணையாகப் பிடித்ததை நான் பார்த்திருக்கிறேன். மூன்றாம் தவணையில் கோபம் ஆறிவிட்டது.

சில நாள் வேறு விதி. முதல் ஆள் வெளியே வந்து, "சவூதி நல்லாக் கேக்குது மாமி, பக்கத்தில நிண்டு கதைக்கிற மாதிரி," என்றால் போதும். "சவூதிக்காரர் எல்லாம் வாங்க! லைன் நல்லா இருக்கக்குள்ள கதைச்சுப்போட்டுப் போங்க," என்று கோலை உயர்த்துவார். கனடாவும் லண்டனும் வாங்கில் இருந்து பல்லைக் கடிக்கும்.

ஆனால் செய்தி என்னவென்று அவர் கேட்டதே இல்லை. "விசயம் எனக்கு வேணாம். நேரத்த மட்டும் சொல்லு." யாராவது மறந்துபோய் விசயத்தை அவிழ்க்கத் தொடங்கினால் இரண்டு காதையும் பொத்திக்கொள்வார். ஒருவர் கூட்டுக்குள் போனதும் மெசினை மிதிக்கத் தொடங்குவார். ஊசியில் நூல் இருக்காது. ஊசிக்குக் கீழே துணியும் இருக்காது. வெறும் மெசின் கடகடவென்று ஓடும். சந்தியில் காவல் நிற்கிற ஆமிக்காரன் வந்து, யார் யாரோடு என்ன கதைத்தார்கள் என்று கேட்பான். பொழுதுபடுகிற நேரம் மோட்டார் சைக்கிளில் வருகிற இயக்கப் பொடியன்களும் அதையேதான் கேட்பார்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒரே பதில். "மெசின் சத்தத்தில எனக்கு ஒண்டும் கேக்கிறல்ல." ஆமிக்காரனுக்குச் சிங்களத்தில் சொல்ல வராது, மிதித்துக் காட்டுவார். சிரித்துவிட்டுப் போய்விடுவான்.

அவருக்கென்று இருந்தது ஒரே மகள். குவைத்தில் ஒரு வீட்டில் வேலை. எப்போதாவது அங்கிருந்து அழைப்பு வரும். "என்ன மனே, உசிரோட இருக்காய்தானே? சாப்பிட்டியா? சரி வை, ஆக்கள் நிக்கிறாங்க." அவ்வளவுதான். தன் மகளிடம் ஒரு நாளாவது "எப்ப மட்டும் தாங்கும்" என்று அவர் கேட்டதை நான் கேள்விப்படவில்லை. அது எப்போதும் தாங்கும் என்று அவரே தீர்மானித்துவிட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை. இப்போதும் பிடிக்கவில்லை.

நான் இப்போது ஒரு போன் கொம்பனியில் செய்கிற வேலையும் கிட்டத்தட்ட மாமியின் வேலைதான். கோபுரம் ஒன்று, அலை ஒன்று, அதற்காகக் காத்து நிற்கிற போன்கள் நூற்றுக்கணக்கு. ஒவ்வொரு நொடித் துளியிலும் யாருக்கு வழி விடுவது என்ற விதியை எழுதுகிறவர்களில் நானும் ஒருத்தி. படமோ கடிதமோ என்றால் கொஞ்சம் காத்திருக்கும். குரல் காத்திருக்காது. குரலைத் துண்டு துண்டாகத்தான் அனுப்புகிறோம். ஒரு துண்டு பிந்திவிட்டால் அதைத் தூக்கி எறிந்துவிடுவோம். பேச்சு முடிந்த பிறகு வந்து சேருகிற "ஹலோ" யாருக்கு வேண்டும்? யாருக்கு அந்த நேரம் அலை தெளிவாக இருக்கிறதோ அவருக்கு விடுவதுதான் லாபம். ஆனால் அப்படியே விட்டுக்கொண்டிருந்தால் மூலையில் இருக்கிறவருக்கு விடியவே விடியாது. இதையெல்லாம் சமாளிப்பதுதான் வேலை.

ஒருமுறை வேலையிடத்தில் மாமியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். என் மேலதிகாரிக்கு ஒரே பூரிப்பு. "பார்த்தீர்களா, நாங்கள் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்ததை அந்த அம்மா தானாகவே கண்டுபிடித்திருக்கிறார்," என்று எல்லாருக்கும் சொல்லித் திரிந்தார். எனக்கு எரிச்சல் வந்தது. மாமி ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் விதிகள் ஒழுங்காக நடப்பதற்குக் காரணம், காத்து நிற்கிற குரல் துண்டுகள் பொய் சொல்லாததுதான். அவை முகத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டு வருவதில்லை. மாமியின் கடைக்கு ஆட்கள் அப்படித்தான் வந்தார்கள்.

அந்தப் பவுடர் தொடங்கியது ஒரு காலை நேரம். பள்ளிக்கூடத்தில் அகதியாக இருந்த ஒரு அக்கா தலைவிரி கோலமாக ஓடி வந்தா.

"என்ட அம்மா மோசம் போயித்தா மாமி! தம்பிக்குச் சொல்லணும்!"

மாமி காதைப் பொத்துவதற்குள் சாவுச் செய்தி விழுந்துவிட்டது.

"தம்பி எங்க?"

"சுவிஸில."

"வருவாரா?"

"எப்படி மாமி வாற? விசா இல்ல."

"அப்ப இரி மனே. வர ஏலாதவருக்கு இப்ப சொன்னா என்ன, மத்தியானம் சொன்னா என்ன? இந்த அழுகை பழுதாகாது." பக்கத்திலிருந்த உன்னிச்சை ஊர்க்காரர் ஒருவரைப் பார்த்தார். "உங்களுக்கு?"

அந்த மனிசன் கூசிக்கொண்டு சொன்னார். வட்டையை, அதாவது விளைந்து கிடக்கிற வயல் நிலத்தை, சொந்தக்காரர் போய்ப் பார்க்க இன்றைக்கு மட்டும் ஆமி விடுகிறானாம். சனத்தை ஏற்றிக்கொண்டு உழவு மெசின் வெளிக்கிடப்போகிறது. ஏறாவூருக்கு அப்பால் இருக்கிற அண்ணனும் அடையாள அட்டையோடு வர வேண்டும்.

"நீங்க போங்க," என்றார் மாமி.

கடை கொதித்தது. "செத்த வீட்டை விட நெல்லுப் பெரிசாகா உனக்கு?" என்று ஒரு கிழவர் எழும்பி நின்று கத்தினார். உன்னிச்சைக்காரர் தானே வேண்டாமென்று பின்வாங்கினார். மாமி கோலால் அவர் முதுகில் தட்டி உள்ளே அனுப்பிவிட்டு மெசினை மிதித்தார். அவரும் அண்ணனும் அன்றைக்கு வட்டையைப் பார்த்தார்கள். அந்த அக்கா மத்தியானம் மட்டும் வாங்கில் இருந்து அழுதா. கொஞ்ச நாள் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. பிறகு போனார்கள். வேறு போன் எங்கே இருந்தது?

அதற்குப் பிறகு யாரும் அழுதுகொண்டு வரவில்லை. செத்த வீட்டிலிருந்து வருகிறவர்கள் முகம் கழுவி, பவுடர் பூசி, பொட்டு வைத்து, சிரித்துக்கொண்டு வந்தார்கள். "சும்மாதான் மாமி, ஒரு சுகம் விசாரிக்க. அவருக்கு வேலை தொடங்கப்போகுது." உள்ளே போய்த்தான் குழறுவார்கள். மெசின் கடகடக்கும். நாளடைவில் அந்தக் கடையில் சிரிக்கிற முகத்தைக் கண்டாலே நாங்கள் வாங்கில் ஒதுங்கி இடம் விடத் தொடங்கினோம். ஏறாவூரில் புடவைக் கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணர் ஒருவர், எல்லாருக்கும் காக்கா, சவூதியிலிருந்த மனைவியோடு கதைக்கத் தினமும் வருவார். அவர் என் காதுக்குள் சொல்லுவார்: "நல்லாச் சிரிக்கிறா பாருங்க தங்கச்சி. பாவம்." பேரன் பிறந்த செய்தியைச் சொல்ல வந்த ஒரு மனிசன், எங்கள் பார்வையைக் கண்டு பயந்து, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டுதான் முறைக்குக் காத்திருந்தார். இப்படி ஒரு கூத்து வேறெங்காவது நடந்திருக்குமா என்று தெரியாது.

என்னுடைய முறையும் வந்தது.

அப்பா நோயில் கிடந்து ஒரு விடிய மோசம் போனார். அம்மா ஒரே பிடியில் நின்றா. "மகன்ட காதில விழாம இவர வெளிய எடுக்க விடமாட்டன்." பொழுதுபட ஊரடங்கு. அதற்கு முதல் கொண்டுபோய் அடக்கிவிட்டு எல்லாரும் வீடு திரும்ப வேண்டும். அண்ணன் கட்டாரில் கட்டட வேலை. பகலில் அவனைப் பிடிக்கக்கூடியது சாப்பாட்டு நேரம் மட்டும், அதுவும் சுப்பவைசரின் போனில். அதைத் தவறவிட்டால் இரவுதான். குழி வெட்டியாயிற்று. பறை மேளம் வந்தாயிற்று. அம்மா வாசலுக்குக் குறுக்கே இருந்துவிட்டா. ஊரடங்குக்குப் பிறகு சவத்தோடு வெளிக்கிட்டவர்களுக்கு என்ன நடக்கும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

என் சித்திதான் என் முகத்தைக் கழுவிப் பவுடர் பூசிவிட்டா. பூசப்பூச அது நனைந்தது, மறுபடி பூசினா. நான் சந்திக்கு நடந்தேன். வாங்கு இரண்டும் நிறைந்திருந்தன.

"எப்ப மட்டும் தாங்கும்?" என்றார் மாமி.

நான் சிரித்தேன். "சும்மா மாமி. அண்ணன்ட சாப்பாட்டு நேரம் முடியப்போகுது. அதுக்குள்ள ஒரு சுகம் விசாரிப்பம் எண்டு."

மாமி என் முகத்தைப் பார்த்தார். காக்காவும் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். உள்ளே யாரோ கதைத்துக்கொண்டிருந்தார். மாமி எழும்பிப்போய்ப் பலகையில் ஓங்கித் தட்டினார். "மிச்சம் மறுகா! வெளிய வாங்க." பிறகு என்னிடம், "போ," என்றார்.

சிரிப்பு என் முகத்தை விட்டு இறங்க மறுத்தது. அண்ணனின் குரல் கேட்ட பிறகும் இறங்கவில்லை. "அண்ணா, சுகமா இருக்கியா?" என்று கலகலவென்று கேட்டேன். "என்னடி இவ்வளவு சந்தோசம்? சோதினை பாஸா?" என்றான். "அப்பா மோசம் போயித்தார்," என்றேன், அதே குரலில். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து அவன் முதலில் சிரித்தான். அந்தச் சிரிப்பு நின்ற இடம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. கடைசியில், "எடுக்கச் சொல்லு. நான் கேட்டுட்டன் எண்டு அம்மாட்டச் சொல்லு," என்றான்.

வெளியே வந்தேன். மெசின் ஓடிக்கொண்டிருந்தது. மாமி தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"எத்தின மணிக்கு எடுக்கிற?"

"பொழுதுபட முதல், மாமி."

"அப்ப நிக்காம ஓடு."

ஓடினேன். அம்மா எழும்பி வழிவிட்டா. வெளிச்சம் இருக்கும்போதே எல்லாரும் திரும்பி வந்தார்கள். இரவு படுத்த பிறகுதான், செத்த வீடென்று நான் சொல்லாமலே மாமி கேட்ட அந்தக் கேள்வி எனக்கு விளங்கியது.

விளங்கியது என்றா சொன்னேன்? விளங்கவே இல்லை. எல்லாம் தெரிந்துகொண்டுதான் இருந்தாரா? பவுடருக்குக் கீழே இருந்தது ஒவ்வொரு முறையும் அவருக்குத் தெரிந்ததா? தெரிந்திருந்தால் எங்களை ஏன் சிரிக்க வைத்தார்? மாமியை ராத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிடுகிற காக்கா ஒரு விளக்கம் சொன்னார். "அழுதுகிட்டுப் போனா அழுறதிலேயே நேரம் போயிரும் தங்கச்சி. அங்க உள்ளவனுக்கு ஒண்டும் விளங்காது. ராத்தா நம்மளக் காய வெச்சுத்தான் உள்ள அனுப்புறா." நல்ல விளக்கம்தான். அப்படியென்றால் சுவிஸ் தம்பியின் அக்காவிடம் அன்றைக்கு, எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள் என்று ஏன் கேட்கவில்லை? அவவுடைய தாயையும் அதே ஊரடங்குக்கு முதல்தானே எடுத்தார்கள்? ஒருவேளை அன்றைக்குப் பிறகுதான் அப்படிக் கேட்கப் பழகினாரோ? எனக்கு மாமி மீது அன்பும் இருந்தது, பயமும் இருந்தது, சில நேரம் ஆத்திரமும் வந்தது. எது எந்த நேரம் வரும் என்று எனக்கே தெரியவில்லை.

அப்பா போன பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமை பின்னேரமும் அண்ணன் மாமியின் கடைக்கு அழைப்பான். கட்டாரில் அன்றைக்கு லீவு. நானும் போய் இருப்பேன். அப்படி ஒரு வெள்ளி போனபோது மாமி சிரித்துக்கொண்டிருந்தார்.

சிரித்தது மட்டுமில்லை. புதுச் சேலை. முகத்தில் பவுடர். வந்தவர்களுக்கெல்லாம் ஒரு கோப்பை பிளேன்ரி. யாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. மெசினுக்கு உறை போட்டிருந்தது. வாங்கில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தோம்.

காக்காதான் முதலில் எழும்பினார். "ராத்தா, எண்ட விசயம் நாளைக்கும் தாங்கும். நீங்க எடுங்க."

"என்னத்த எடுக்கிற?"

"எங்கடயும் தாங்கும் மாமி," என்றார்கள் மற்றவர்கள். ஒருத்தி மாமியின் கையைப் பிடித்தாள்.

"என்னகா உங்களுக்கு? நான் ஆரோட கதைக்கிற? என்ட மகள் வாறாள். கட்டுநாயக்கா எயார்போட்டில இறங்கி வேன்ல வந்துகொண்டிருக்காள்."

வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன பெண்கள் எங்கள் ஊர்களுக்கு வேனில் எப்படி வருவார்கள் என்று நாங்கள் பார்த்திருக்கிறோம். பெட்டியில். அந்த அகதி அக்கா, சுவிஸ் தம்பியின் அக்கா, அவதான் முதலில் குழறினா. பிறகு எல்லாரும்.

"அடியேய், உசிரோட வாறாள்!"

"ஓம் மாமி. ஓம்," என்றோம், அறிவு கலங்கியவர்களுக்குச் சொல்வதுபோல.

மாமிக்கு ஆத்திரம் வந்தது. கோலை எடுத்து வாங்கில் அடித்தார். "சந்தோசம் எண்டு சொன்னா ஒருத்தரும் நம்பமாட்டீங்களா?" என்று கத்தி, கத்தினதில் அவருக்கே அழுகை வந்துவிட்டது. அதோடு எங்களுக்கு எந்தச் சந்தேகமும் இல்லாமல் போனது. பக்கத்துக் கடைக்காரர் கதவை இழுத்துச் சாத்தினார். சந்தியால் போன சனமும் வந்து கூடியது. நானும் அழுதேன், பார்த்தறியாத அந்த மகளுக்காக.

வேன் வந்தது. கறுப்புக் கண்ணாடியும் பெரிய பையுமாக ஒரு பெண் இறங்கினாள். தாயின் கடை வாசலில் ஊரே கூடி அழுவதைக் கண்டாள். பை கையிலிருந்து விழுந்தது.

"அம்மோ!"

அப்படி ஒரு கத்தலை நான் கேட்டதில்லை. அவள் வீதியிலேயே இருந்துவிட்டாள். கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு மாமி, கழுத்தில் அளவுநாடாவோடு, வெளியே ஓடினார். மகள் தாயைக் கட்டிப்பிடிக்கவில்லை. முதலில் தோளில் அடித்தாள். திரும்பத் திரும்ப அடித்தாள். பிறகுதான் கட்டிப்பிடித்தாள்.

உள்ளே போன் அடித்தது.

வெள்ளிக்கிழமை அந்த நேரம் என்றால் அது அண்ணன்தான். நான் கூட்டை நோக்கி ஓர் அடி வைத்தேன். மாமி மகளின் தலைக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"விடு மனே. அது தாங்கும்."

அது தாங்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் நான் நின்றுவிட்டேன். நாங்கள் எல்லாரும் நின்றோம். அந்தக் கடையில் போன் எடுப்பாரில்லாமல் அடித்து ஓய்ந்தது அன்றைக்குத்தான்.

அடுத்த வெள்ளி அண்ணன் எடுத்தான். மாமி மெசினை மிதித்துக்கொண்டிருந்தார்.

"போன கிழமை ஏன் ஒருத்தரும் எடுக்கல்ல?"

"மாமிட மகள் வந்தாள் அண்ணா. நாங்க எல்லாரும் சந்தோசத்தில நிண்டம்," என்றேன். உண்மையாகவே சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.



"ஒளிக்காமச் சொல்லு," என்றான் அண்ணன். "ஆர் மோசம் போனது?"